தூக்காத கலப்பை

டிராக்டரின் முன்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பின்பக்கம்தான் மானத்தை வாங்கியது.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் முதல் முறையிலேயே பிடித்துக்கொள்ளும். முழு வயலையும் மூச்சு வாங்காமல் சுற்றி வரும். ஆனால் பின்னால் கலப்பையைத் தூக்குகிற இரண்டு இரும்புக் கைகள் இருக்கின்றனவே, அவை மட்டும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன. கலப்பையை மாட்டி லிவரை இழுத்தால் கைகள் ஒரு சாண் எழும்பும். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம் எத்தனை கெஞ்சினாலும் அசையாது. வயலின் ஓரம் வந்ததும் கலப்பையைத் தூக்கி, வண்டியைத் திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். தூக்கவே முடியாத கலப்பையோடு நேர்கோட்டில் எவ்வளவு தூரம்தான் போவது? பக்கத்து ஊர் வந்துவிடும்.

கியரக்கா கொட்டகை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று அந்தப் பின்பக்கத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர வேறு எந்தப் பெண்ணும் ஸ்டியரிங் பிடிக்காத காலத்தில் யாரோ கேலிக்கு வைத்த பெயர் அது. கேலி செய்தவர்கள் பிறகு தங்கள் நிலத்தையும் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுக்கச் சொல்லி அவள் வாசலில் வந்து நின்றார்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது வீட்டுக்காரரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கீழ்வயலில் ஈரம் இருந்தது. நல்ல மழை பெய்து, வெயில் அடித்து, மண் விதைக்குப் பக்குவமாக நின்றது. இன்றைக்கோ நாளைக்கோ விதை விழாவிட்டால் மண் இறுகிவிடும், இந்த வருடம் அந்த வயல் சும்மா கிடக்கும். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. இன்று மத்தியானத்துக்கு மேல் செங்கல் சூளைக்காரர் டிராக்டரைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வண்டி போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று பேச்சு.

சரி என்று தலையாட்டியவள் அவளேதான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வண்டியைக் கெடுத்தது தான்தான் என்று அவள் நம்பினாள். கெடுத்தவளுக்கு வைத்துக்கொள்ள என்ன உரிமை என்று நினைத்தாள்.

நடந்தது இதுதான். பருவம் தொடங்குவதற்கு முன்னால் அவள் தம்பி வந்து வண்டியை முழுக்கப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். தம்பி மெக்கானிக். சந்தை ரோட்டில் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருந்தான். பழைய வண்டிகளில் ஆயில் அழுத்தத்தால் சுமை தூக்குகிற ஹைட்ராலிக் வேலை என்றால் சுற்றுவட்டாரத்தில் அவனை விட்டால் ஆள் கிடையாது. வண்டியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவான் என்று அக்கா பெருமையடித்துக்கொள்வாள். அந்த வண்டியில் அவன் கையைத் தவிர வேறு மெக்கானிக் கை பட அவள் விட்டதே இல்லை. இந்த முறையும் வந்தான், பார்த்தான், அக்கா போட்ட டீயைக் குடித்தான், போனான். மறுநாள் கலப்பையை மாட்டினால் தூக்கவில்லை.

திரும்பக் கூப்பிட்டாள். வந்து, ஆயிலில் விரலை விட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, நடுவுல ஆயில் ஊத்துனியா?"

"ஆமா. அளவு கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. அதான் ஊத்துனேன்."

"எந்த டின்ல இருந்து?"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். கொட்டகையில் ஒரே நிறத்தில் இரண்டு டின்கள் இருந்தன. மேலே ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ உரிந்துபோயிருந்தது. எதிலிருந்து ஊற்றினோம் என்று யோசித்தாள். இடதுபக்கம் இருந்த டின் என்று தோன்றியது. அப்புறம் வலதுபக்கம் என்று தோன்றியது.

"வேற ஆயிலக் கலந்துட்டக்கா," என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல். "பம்பு தேஞ்சுபோச்சு. இந்த மாடலுக்கு இப்ப பம்பு கிடைக்காது. நான் தேடாத இடமில்ல."

"என் தப்புதான்டா. மன்னிச்சுக்கடா," என்றாள் அக்கா. தம்பியிடம் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட மன்னிப்பு அது.

அன்றிலிருந்து அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்தாள். கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினோமா என்று வீட்டுக்காரரைக் கேட்டாள். வீட்டுக்காரர் தையல்காரர், பொறுமைசாலி. கல்யாணமான புதிதில் ஒருமுறை டிராக்டரில் ஏறி, வேலியைப் பிய்த்துக்கொண்டு அடுத்தவன் தோட்டத்தில் போய் நின்றார். அதற்குப் பிறகு அவர் மிதித்த ஒரே வண்டி முன்னறையிலிருந்த தையல் மிஷின்தான். துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பூட்டிட்டம்மா, பூட்டிட்ட, நான் பார்த்தேன்," என்பார். அவள் மறுபடி கேட்டாலும் சலித்துக்கொள்ள மாட்டார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவளுக்கு முதுகுவலி வேறு. அது கொஞ்ச நாளாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வர வீட்டுக்காரர் மட்டும் போனார். அவளுக்கு அன்று வயலில் வேலை. தசைப்பிடிப்புதான், தைலம் தேய்த்தால் போய்விடும் என்று வந்து சொன்னார். தைலமும் அவரே தேய்த்துவிட்டார்.

இப்போது கொட்டகைக்கு வருவோம்.

கொடுக்கப்போகிற வண்டியை அழுக்கோடு கொடுக்கக் கூடாது என்று காலையிலேயே வாளியும் துணியுமாக வந்துவிட்டாள். சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டினாள், மூடியைத் துடைத்தாள், விளக்குகளுக்குப் பளபளப்பு ஏற்றினாள். பின்னால் இரும்புக் கைகளுக்கு அடியில் காய்ந்த சேறு கட்டிக் கிடந்தது. அதைக் கழுவ வேண்டுமானால் கைகளைத் தூக்க வேண்டும். கலப்பை மாட்டாத வெறுங்கைதானே, எழும்பினால் எழும்பட்டும் என்று இன்ஜினைப் போட்டு லிவரை இழுத்தாள்.

கைகள் விருட்டென்று மேலே போய் நின்றன.

அவள் துணியைப் பிழிந்தாள். சேற்றைக் கழுவினாள். பாதியில் நிறுத்தி, லிவரைத் தள்ளி இறக்கி, மறுபடி தூக்கினாள். விருட். இன்னொரு முறை. விருட்.

"இதென்ன கூத்து," என்றாள் வாய்விட்டு.

தம்பி ஒர்க்ஷாப்பில் யாராவது தூக்காத வண்டியைக் கொண்டுவந்தால் அவன் முதலில் செய்கிற காரியம் அவளுக்கு மனப்பாடம். வெறுங்கையைத் தூக்கிப் பார்ப்பான். மெதுவாக எழும்பினால் பம்பைக் கழற்றுவான். வேகமாக எழும்பி, சுமை ஏற்றியதும் படுத்துக்கொண்டால் பம்பைத் தொடவே மாட்டான். ஆயிலை ஓட்டுவது பம்பின் வேலை, ஓடுகிற ஆயில் பாதியில் தப்பித்து ஓடாமல் இறுக்கிப் பிடிப்பது வால்வின் வேலை என்று வண்டிக்காரனுக்கு விளக்குவான். இதை அவன் எத்தனை பேருக்குச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்! செத்துப்போன பம்பு கைகளை இப்படி விருட்டென்று தூக்குமா?

ஒருவேளை ஆயில் சூடேறினால் குட்டு வெளிப்படுமோ என்று இன்ஜினை நன்றாக ஓடவிட்டாள். சூடான பிறகும் அதே வேகம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தாள். ஆயில் தெளிவாக இருந்தது. தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும், வெளுக்கவில்லை. காற்று புகுந்தால் நுரைக்கும், நுரையும் இல்லை. விரலில் தொட்டு முகர்ந்தாள். என்றைக்கும் வருகிற வாசனைதான். ஆயில் சல்லடையைக் கழற்றினாள். துவைத்துப் போட்ட காபி வடிகட்டும் துணிகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. கலப்பையை மாட்டி லிவரை இழுத்தாள். ஒரு சாண். 'ஸ்ஸ்.' சத்தம் சீட்டுக்குக் கீழே, வலதுபக்கமிருந்து வந்தது. அங்கே ஒரு மூடி, அதற்குள்தான் அந்த வால்வு.

இன்ஜினை நிறுத்தினாள். கலப்பையைத் தரையில் படுக்க வைத்தாள். ஸ்பானரை எடுத்துவந்து மூடியைத் திருகினாள். பக்கவாட்டில் குனிந்தபோது முதுகில் சுரீர் என்று பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். உள்ளே ஸ்பிரிங் இருந்தது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்க வேண்டிய மெல்லிய வாஷர்கள் இல்லை.

அவை இருந்ததை அவள் அறிவாள். போன வருடம் தம்பி இந்த வால்வைப் பூட்டும்போது அவளுடைய உள்ளங்கையில்தான் அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தான். "விட்றாதக்கா, இதுதான் ஸ்பிரிங்க அமுக்கிப் பிடிக்கும், இது இல்லைன்னா வண்டிக்குப் பலமே கிடையாது," என்றான். காகிதம் போல மெல்லிசு. அவள் மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது புரிந்த நிமிஷம் கியரக்கா சிரித்துவிட்டாள். கொட்டகையில் தனியாக நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். மறந்துட்டான்! வண்டியைப் பார்க்கிறேன் பேர்வழி என்று வால்வைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, பெரிய மெக்கானிக், வாஷரைப் போட மறந்துட்டான்! அப்புறம் தன் மறதி தனக்கே தெரியாமல் அக்கா தலையில் கட்டிவிட்டான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தான் எதையும் கலக்கவில்லை, தன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே போதுமாக இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். வழியெல்லாம் அவனை எப்படி ஓட்டுவது என்று யோசித்தாள். 'டேய், ஆயிலை மோந்து பார்த்தியே, உன் மூக்குல ஆயில் மாத்தணும்டா' என்று தொடங்கலாம். வண்டிக்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். பாவம், அவ்வளவு வேண்டாம், தனியாகவே சொல்லலாம்.

ஒர்க்ஷாப்பில் யாரும் இல்லை. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. ஒரு டிராக்டர் சக்கரமில்லாமல் கட்டை மேல் நின்றது. டீக்கடைக்குப் போகும்போது பூட்டுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. வாஷர் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், தானே எடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள்.

உள்சுவரில் ஒரு நீளமான பலகை. அதில் வரிசையாக ஆணிகள். தம்பியின் தொழில் தர்மம் அந்தப் பலகையில் இருந்தது. கழற்றிய சாமான் எதுவானாலும், தேய்ந்த ஓ-ரிங்காக இருந்தாலும், உடைந்த ஸ்பிரிங்காக இருந்தாலும் அது வண்டிக்காரனுக்குச் சொந்தம். துடைத்து, கம்பியில் கோத்து, அந்த வண்டிக்கு உரிய ஆணியில் மாட்டிவிடுவான். வண்டிக்காரன் வந்து, பார்த்து, எடுத்துக்கொண்டு போகலாம். மற்ற மெக்கானிக்குகள் பழசைப் புதுசென்று ஏமாற்றுகிற ஊரில் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பலகைதான். முதல் ஆணி அக்காவுடையது. கடை திறந்த அன்று அவளே சுத்தியலால் அடித்த ஆணி.

அந்த முதல் ஆணியில், கம்பியில் கோத்து, அவளுடைய வாஷர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் கிட்டப் போனாள். துடைத்திருந்தான். துருப்பிடிக்காமல் இருக்கச் சொட்டு ஆயில் தடவியிருந்தான். கம்பியின் இரண்டு முனையையும் கை கிழிக்காதபடி உள்பக்கம் மடக்கியிருந்தான், எப்போதும் செய்வதைப் போலவே.

மறந்தவன் துடைக்க மாட்டான். மறந்தவன் கம்பியில் கோக்க மாட்டான், ஆணி தேடி மாட்ட மாட்டான். தெரிந்தே கழற்றியிருக்கிறான். தெரிந்தே வந்து ஆயிலை முகர்ந்திருக்கிறான். தெரிந்தே, 'எந்த டின்ல இருந்து ஊத்துன' என்று கேட்டிருக்கிறான். அவள் மன்னிச்சுக்கடா என்று சொன்னபோது நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன்? சூளைக்காரனும் இவனும் சேர்ந்து ஏதாவது பேசிக்கொண்டார்களா? கூடப் பிறந்தவளின் வண்டியைப் பாழாக்கி அடுத்தவனுக்குத் தள்ளிவிட அப்படி என்ன வந்தது? எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை. டீக்கடைப் பக்கமிருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் கம்பியை ஆணியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பின்பக்க வழியாக வெளியே வந்தாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது.

கொட்டகைக்கு வந்து வாஷர்களை அவற்றின் இடத்தில் போட்டாள். ஸ்பிரிங், மூடி, ஸ்பானர். இன்ஜின். லிவர். விதைப்பெட்டியோடு சேர்ந்த கலப்பை, 'ஸ்ஸ்' என்ற பேச்சே இல்லாமல், நேராக மேலே போய் நின்றது. காலையில் என்றால் இதே காட்சிக்கு அவள் கை தட்டியிருப்பாள். இப்போது கலப்பையை இறக்கிவிட்டு, சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சாப்பிடத் தோன்றவில்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் சூளைக்காரர், பெருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. அவருக்குப் பக்கத்தில் தம்பி. பின்னால், கழுத்தில் அளவு நாடா தொங்க, வீட்டுக்காரர்.

"அட, வண்டிய மாப்பிள்ளை கணக்கா ஜோடிச்சு வச்சிருக்கியேம்மா!" என்றார் சூளைக்காரர். "கலப்பை எதுக்கு மாட்டியிருக்கு? எனக்கு இந்தத் தூக்குறது எறக்குறதெல்லாம் வேணாம். செங்கல் வண்டிய இழுத்தா போதும்."

"தெரியும்ண்ணே," என்றாள் கியரக்கா சீட்டிலிருந்தபடியே. "இருந்தாலும் வாங்குறவங்களுக்கு வண்டியோட குறையைச் சொல்லிடணும்ல. டேய் தம்பி, அண்ணனுக்கு என்ன குறைன்னு சொல்லு."

தம்பி தொண்டையைக் கனைத்தான். "அதான் சொன்னேனே... பம்பு போச்சு."

"எதனால போச்சு?"

"ஏன்க்கா இப்ப அது..."

"அண்ணனுக்குத் தெரியணும்ல. எதனால?"

"ஆயில் மாறிப்போச்சு," என்றான் தரையைப் பார்த்து.

அவள் லிவரை இழுத்தாள். கலப்பை எழும்பியது. ஒரு சாணைத் தாண்டியது, முழங்காலைத் தாண்டியது, உச்சிக்குப் போய் நின்றது. இன்ஜினை அணைத்தாள். கலப்பை ஒரு விரற்கடைகூட இறங்காமல் அப்படியே நின்றது.

"அட, தூக்குதே!" என்றார் சூளைக்காரர்.

தம்பியின் முகத்தில் இரத்தமே இல்லை. அவள் முந்தானையை அவிழ்த்து, வெறும் கம்பியை எடுத்து நீட்டினாள்.

"இது எங்க தொங்குச்சு?"

"ஆணியில."

"யாரு ஆணியில?"

"உன் ஆணியிலதான்க்கா."

"ஏன்டா, திருட்டு வேலை பண்றவன் அதை ஒழுங்கா பண்ண வேண்டாமா? தூக்கி ஆத்துல போட்டிருந்தா எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காதே."

"எப்படிக்கா போடுறது? அது உன் சாமான்," என்றான்.

சூளைக்காரருக்கு இப்போது விஷயம் பாதி புரிந்திருந்தது, மீதி புரியாமலிருப்பதே நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும். "குடும்பத்துல ஏதோ பேச்சு போலிருக்கு, நான் இன்னொரு நாள் வர்றேன்மா," என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

கியரக்கா தம்பியைத் திட்ட வாயைத் திறந்தாள். பாருங்க உங்க மச்சான் லட்சணத்தை என்று சொல்வதற்காக வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அந்த வார்த்தை வெளியே வரவில்லை.

அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. உச்சியில் நிற்கிற கலப்பையைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கவில்லை. அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் அவர் அப்படித்தான் செய்வார்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்றாள்.

"அவன் மேல தப்பில்ல," என்றார். "நான்தான் செய்யச் சொன்னேன்."

"மாமா வேண்டாம்," என்றான் தம்பி.

"இனிமே என்னடா வேண்டாம்." அவர் நாடாவை விட்டார். "டாக்டர் தசைப்பிடிப்புன்னு சொல்லல. முதுகெலும்புல ஒண்ணு விலகி நரம்ப அழுத்துதாம். டிராக்டர் குலுக்கல்ல இன்னும் விலகுனா கால் ரெண்டும் செத்துப்போயிடும்னார். வண்டியில ஏறவே கூடாதுன்னார்."

"எப்ப சொன்னார்?"

"போய்க் கேட்டன்னைக்கே."

"வந்து தைலம் தேச்சீங்களே."

அவர் நாடாவை மறுபடி விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"உன்கிட்ட சொன்னா கேட்டிருப்பியாக்கா?" என்றான் தம்பி. "டாக்டருக்கு என்ன தெரியும்னுட்டு மறுநாளே வண்டி ஏறியிருப்ப. மாமா என்கிட்ட வந்து அழுதார்க்கா. அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. வண்டி தானா நின்னா நீயும் தானா இறங்கிடுவன்னு நினைச்சோம். பம்பு தேஞ்சுபோச்சுன்னு மட்டும் சொன்னா நீ வேற பம்பு தேடிக்கிட்டு ஊரெல்லாம் அலைவ. அதான்..."

"அதான் என் தலையில போட்டீங்க."

"அது அந்த நேரத்துல வாய்ல வந்துடுச்சுக்கா. நீ உடனே நம்பிட்ட."

ஆமாம், உடனே நம்பிவிட்டாள். நம்பாமல் இருக்க அவர்கள் யார், அந்நியர்களா? கியரக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் இவர்கள் இரண்டு பேரும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள், எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்துக்கொள்வார்கள். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

"கேட்டிருக்க மாட்டேன்னே வச்சுக்குவோம்," என்றாள். "சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருப்பேன். அப்புறம் கீழே இறங்கியிருப்பேனோ என்னவோ. இறங்குறதும் இறங்காததும் நான்ல சொல்லணும்? என் முதுகு. அதுல என்ன பழுதுன்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இந்த வண்டியில இல்லாத பழுது, அது எனக்கு மட்டும் தெரியும். நல்லா இருக்குடா உங்க ரிப்பேரு."

"உன் நல்லதுக்குத்தான்மா," என்றார் வீட்டுக்காரர்.

"அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி வந்தேனே, அதுவும் நல்லதுக்குத்தானா? கொட்டகையப் பூட்டுனேனான்னு உங்களைக் கேட்டேன். பூட்டிட்டம்மா பூட்டிட்டன்னு எவ்வளவு பொறுமையா சொன்னீங்க! இந்த மனுஷன் தங்கம்னு நினைச்சேங்க. என் கால் போயிடும்னு பயந்தீங்க, சரி. அதுக்காக என் புத்தி போயிடுச்சுன்னு என்னையே நம்ப வச்சுட்டீங்களே."

தம்பி உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். கையிலிருந்த கிரீஸ் கன்னத்தில் அப்பிக்கொண்டது. வேறு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

வெளியே கீழ்வயலில் இன்னும் ஈரம் இருந்தது. வெயில் தணிந்த இந்த நேரத்தில் ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு பாதியாவது முடியும். விதைப்பெட்டியைக் காலையிலேயே நிரப்பியிருக்கலாம் என்று நினைத்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் போதும், யாரும் குறுக்கே வந்து நின்றுவிட மாட்டார்கள். இடதுகாலைக் கிளட்ச்சின் மேல் வைத்தாள். பெருவிரல் மரத்திருந்தது. அது கொஞ்ச நாளாகவே அப்படித்தான் இருந்தது, உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்திருந்தாள். இப்போது அதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. காலை அங்கேயே சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள்.

"டேய், இங்க வா. ஏறு."

"அக்கா?"

"விதைய ரொப்பிட்டு கீழ்வயலுக்கு ஓட்டு. வரிசை கோணக் கூடாது. ஒவ்வொரு ஓரத்துலயும் நல்லா மேல தூக்கித் திருப்பு, இப்பதான் தூக்குதே. வண்டிய விக்கணுமா, யாரு ஓட்டணும், நிலத்த என்ன செய்யணும்னு நான் யோசிச்சுச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் யோசிச்சது போதும்."

அவள் சக்கரத்தின் மேல்மூடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் படியில் வைத்து, மறுகாலைத் தரையில் வைத்தாள். இடுப்பிலிருந்து குதிகால்வரை நெருப்புக் கம்பியை இழுத்ததுபோல் வலி ஓடியது. தம்பி கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. மூடியையே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

முதுகு வலிக்கிறது என்று, டாக்டரை விட்டால், இந்த உலகத்தில் அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள். தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. துணி தைத்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று சொல்லித்தான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் இத்தனையும் முளைத்தது.

வீட்டுக்காரர் கிட்டே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவளைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

"இல்லீங்க. இப்ப கொஞ்ச நாளா வலியே இல்ல," என்றாள்.

அவர் மூச்சை விட்டார். நம்பிவிட்டார்.